சராசரிப் பேரரசரின் மெய்க்கீர்த்தி

அட்டவணை எட்டிய திசையெல்லாம் ஆணை செலுத்தி, ஆய்வறிக்கை ஒவ்வொன்றின் முதற்பக்கத்திலும் அரியணையிட்டு அமர்ந்து, ஒற்றை எண்ணை வெண்கொற்றக் குடையாக விரித்துக் கோடிப் பயணிகளை அதன் நிழலில் நிறுத்தி, தாமதம் என்னும் பெரும்பகையைத் தசமப் புள்ளிக்கு அப்பால் துரத்தியருளிய பொதுப் போக்குவரத்துச் சக்கரவர்த்தி, கணித குல திலகர், ஸ்ரீலஸ்ரீ சராசரிப் பேரரசர் நீடூழி வாழ்க! எந்த வேந்தர் வாள் கொண்டு வென்ற நாட்டிலும் கலகம் மிஞ்சும். நம் பேரரசரோ வகுத்தல் குறி ஒன்றைக் கொண்டே வென்றார். அவருடைய நாட்டில் காத்திருப்பவர் உண்டு, அவதிப்படுபவர் உண்டு. ஆனால் கணக்கில் ஒருவரும் இல்லை. இப்படியொரு அமைதியை எந்தச் செங்கோல் தந்திருக்கிறது?

அவருடைய குலப்பெருமையை முதலில் சொல்வது முறை. விண்மீன்களின் இருப்பிடத்தை அளக்கையில் நேரும் பிழைகளுக்காக வானியலாளர்கள் வளர்த்த கணக்கை மனிதர்மேல் சாத்திப் பார்த்தார் பெல்ஜியத்தின் அடால்ஃப் கெட்லே. 1835இல் அவர் உலகுக்கு அளித்த திருவுருவம் 'சராசரி மனிதன்'. அந்த மகானுக்குச் சராசரி உயரம், சராசரி எடை, சராசரி ஒழுக்கம் எல்லாம் வாய்த்திருந்தன. அவன் ஒரு நாளும் வேலைக்குத் தாமதமாகப் போனதில்லை, ஒரு நாளும் முன்னதாகப் போனதில்லை. அவன் வழித்தோன்றல்தான் நம் போக்குவரத்து அறிக்கைகளில் இன்றும் உலாவரும் 'சராசரிப் பயணி'. மற்ற பயணிகளெல்லாம் அந்த உத்தமனிடமிருந்து விலகிய பிழைகள். பிழைகளையும் பெருந்தன்மையோடு பஸ்ஸில் ஏற்றிக்கொள்ளும் ஓர் அரசு நமக்கு வாய்த்தது முன்னோர் தவப்பயன்.

பேரரசரின் வீரத்தை நேரில் தரிசிக்க விரும்புவோர் மாலை நேரத்தில் சென்னையின் ஏதேனும் ஒரு பஸ் நிறுத்தத்துக்கு எழுந்தருள வேண்டும். 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்பது வாக்கு. அரை மணி நேரம் சாலை துடைத்து வைத்தாற்போல் கிடக்கும். பிறகு அதே தடத்தின் மூன்று பஸ்கள், பரிவாரம் சூழ வரும் பட்டத்து யானைபோல, ஒன்றன்பின் ஒன்றாக வரும். பின்னும் அரை மணி நேரம் ஒன்றுமில்லை. அரசவைக் கணக்கர் மணிக்கு 6 பஸ் என்று எண்ணுகிறார், 60 நிமிடத்தை 6ஆல் வகுக்கிறார், 10 என்று வருகிறது. வாக்குத் தவறவில்லை! அடுத்து அந்த 10ஐப் பாதியாக்கி, பயணி சராசரியாகக் காத்திருப்பது 5 நிமிடம் என்று முத்திரை குத்துகிறார். நிறுத்தத்தில் நின்றவர்கள் தங்கள் நேரத்தைக் கூட்டி வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 15 நிமிடம் வருகிறது. அரை மணி இடைவெளியின் நடுவே எந்தக் கணத்திலும் வந்து சேரலாம் என்பதால் அதில் பாதி. மூன்று பஸ்களுக்கு இடையிலான இரண்டு பூஜ்ய இடைவெளிகளும் கணக்கரின் கையில் முத்தாக ஒளிர்கின்றன. அந்தப் பூஜ்யங்களுக்குள் வந்து நிற்கும் பாக்கியம் பயணிக்கு இல்லை. அரசருக்கு 5, குடிகளுக்கு 15. அந்தப் பதினைந்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் தமக்கு எடுத்துக்கொண்டு இரண்டு பங்கை மக்களுக்கே விட்டுவிடும் வள்ளலை எந்த ஏட்டில் படித்தோம்?

இந்தப் பரிவார ஊர்வலம் தானாக அமையும் விதமும் அதிசயமானது. ஜி. எஃப். நியூவெல், ஆர். பி. பாட்ஸ் என்ற இருவர் 1964இலேயே இதைக் கணிதமாக எழுதிவிட்டார்கள். முதல் பஸ் சற்றே தாமதித்தால் அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் சற்றே கூடும். கூட்டம் ஏற நேரமாகும், தாமதம் பெருகும், அதற்கடுத்த நிறுத்தத்தில் கூட்டம் இன்னும் பெருகும். பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஏற்ற ஆளில்லை. நிறுத்தங்களில் நிற்காமல் ஓடி வந்து முன்னதன் முதுகைப் பிடித்துக்கொள்ளும். இடையில் எவரேனும் ஒரு பஸ்ஸைச் சில நிமிடம் நிறுத்தி இடைவெளியைச் சரிசெய்தால் இது கலைந்துவிடும். அத்தகைய அபசாரத்துக்கு நம் அரசவை எளிதில் இடம் கொடுப்பதில்லை. ஏனென்றால் இடைவெளி சரியானாலும் சராசரி அதே 10தான். பேரரசரின் திருமேனியில் ஓர் அணுவும் கூடாத காரியத்துக்கு ஆள் போடுவானேன், ஒயர்லெஸ் வைப்பானேன்?

கூட்டத்தையும் அவர் இதே கருணையோடுதான் பார்க்கிறார். மூன்று பஸ்களில் முன்னதில் 80 பேர், நடுவில் 8 பேர், கடைசியில் 2 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 30. இருக்கைகளே மிச்சமிருக்கும் சுகமான பயணம்! அந்த 90 பேரையும் ஒருவர் விடாமல் "உங்கள் பஸ்ஸில் எத்தனை பேர் இருந்தீர்கள்?" என்று கேட்டு விடைகளைச் சராசரியாக்கினால் ஏறத்தாழ 72 வரும். படிக்கட்டில் ஒரு கால், காற்றில் ஒரு கால் என்று வருகிறவரிடம் போய் இப்படியெல்லாம் கேட்பது பண்பாடு ஆகாது என்பதால் அரசவை கேட்பதில்லை. பஸ்ஸைக் கேட்கிறது. பஸ் பொய் சொல்லாது.

பேரரசரின் சமநோக்கைச் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும். ஒரு தடத்தில் சாதாரணக் கட்டண பஸ், எக்ஸ்பிரஸ், டீலக்ஸ் என்று பலவகை ஓடலாம். எல்லாவற்றையும் ஒரே தராசில் இட்டு இத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ் என்கிறார். 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டுப் பெண்கள் சாதாரணக் கட்டண நகரப் பஸ்ஸில் சீட்டுக்குக் காசு தர வேண்டியதில்லை. கண்ணகி நகரிலோ பெரும்பாக்கத்திலோ குடியேற்றப்பட்டு, தாம் பிறந்து வளர்ந்த நகரத்தின் நடுப்பகுதிக்கே வீட்டுவேலைக்குத் திரும்பிப் போகும் பெண், அந்த ஒரு வகை பஸ்ஸுக்காக மற்றவற்றை அனுப்பிவிட்டு நிற்கிறார். "என்னக்கா, இதுலயும் ஏறலியா?" என்கிறாள் பக்கத்தில் நிற்பவள். "இது டீலக்ஸும்மா" என்கிறார் இவர். அவர் கண்முன் கடந்துபோன டீலக்ஸ் ஒவ்வொன்றும் அவருடைய இடைவெளியைக் காகிதத்தில் குறைத்துக்கொண்டே போகிறது. ஏற முடியாத பஸ்ஸும் ஒருத்தியின் காத்திருப்பைக் குறைக்கும் என்பது நம் பேரரசரின் ஆட்சியில் மட்டுமே நிகழும் அற்புதம்.

இனி ரயில்வே மண்டலத்துக்கு வருவோம். அங்கே பேரரசரின் கொடி இன்னும் உயரத்தில் பறக்கிறது. இந்திய ரயில்வேயில் ஒரு வண்டி நேரத்துக்கு வந்ததா என்பதைக் கடைசி நிலையத்தில் மட்டும் பார்ப்பது மரபு. அங்கும் 15 நிமிடம் வரை தாமதித்தால் அது தாமதமில்லை. இவ்வளவு தாராளம் போதாது என்று எண்ணியோ என்னவோ, கடைசி நிலையத்தை நெருங்கும்போது அட்டவணையிலேயே கூடுதல் நிமிடங்களைத் தூவி வைத்திருக்கிறார்கள். எழும்பூரிலிருந்து தெற்கே புறப்படும் பல வண்டிகள் தாம்பரத்தை அரை மணி நேரத்தில் தொட்டுவிடுகின்றன. அதே வண்டி திரும்பி வரும்போது அதே தாம்பரத்திலிருந்து அதே எழும்பூருக்கு, அதே தண்டவாளத் தொலைவுக்கு, அட்டவணை அதைவிடத் தாராளமாக நேரம் ஒதுக்கியிருக்கும். விழுப்புரத்தில் 40 நிமிடம் தாமதித்த வண்டி எழும்பூரில் புனிதநீராடியதுபோல் குற்றம் நீங்கி, 'சரியான நேரம்' என்ற பட்டத்தோடு இறங்குகிறது. விழுப்புரத்தில் இறங்கியவர்கள் அந்தப் பட்டாபிஷேகத்தைக் காணக் கொடுத்துவைக்கவில்லை. அவர்கள் கடைசி நிலையம்வரை வந்திருக்க வேண்டும். இடைவழியில் வீடு கட்டிக்கொண்டது அவர்கள் பிழை. வண்டி என்றாவது உண்மையிலேயே முன்னதாக ஓடி வந்துவிட்டால் அவுட்டரில் நிறுத்தி, பேசின் பிரிட்ஜின் அழகையோ சேத்துப்பட்டின் அழகையோ காட்டி, அட்டவணையின் மானத்தைக் காப்பதும் உண்டு.

இத்தனை அருளுக்குப் பிறகும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஒரு குறையைக் கண்டுபிடித்தார். 2022இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அவருடைய அறிக்கை, மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளின் நேரந்தவறாமை 2012-13இல் 79 சதவீதமாக இருந்தது, 2018-19இல் 69.23 சதவீதமாகிவிட்டது என்றது. கடைசி நிலையத்தில் மட்டும் பார்த்து, அட்டவணையில் நிமிடங்களைத் தூவி, மேலும் 15 நிமிடம் மன்னித்த பிறகும் எஞ்சிய புள்ளி இது. தேர்வுத்தாளை முன்கூட்டியே கொடுத்து, விடையையும் சொல்லி, அப்படியும் மாணவன் தடுமாறினால் அவனுடைய அடக்கத்தை வியப்பதல்லவா உலகம்? தணிக்கையாளருக்கு அந்த ரசனை வாய்க்கவில்லை.

கடல் கடந்த சிற்றரசர்களும் நம் பேரரசருக்குத் திறை செலுத்துகிறார்கள். ஜெர்மனி என்றால் கடிகாரம் என்று நினைத்த காலம் ஒன்று இருந்தது. டாய்ச்ச பான் நிறுவனம் 6 நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தைத் தாமதமென்று எண்ணுவதில்லை. அப்படியும் 2024இல் அதன் தொலைதூர வண்டிகளில் 62.5 சதவீதமே நேரத்துக்கு வந்தன. ஆனால் அந்நாட்டார் கண்ட ஒரு நுட்பத்தின் முன் நாம் தலைவணங்க வேண்டும். ரத்தான வண்டி அங்கே நேரந்தவறாமைக் கணக்கில் சேராது. ஒரு மணி நேரம் தாமதமாக வரும் வண்டி பாவி. வராமலே போன வண்டி பரிசுத்தம். தாமதித்த வண்டியைக் கடைசி நிலையத்துக்கு முன்பே பாதிவழியில் திருப்பி, அடுத்த பயணத்தைச் சரியான நேரத்தில் தொடங்கவைக்கும் ஒரு வித்தையும் உண்டு. அதற்கு நிறுவனத்தின் முன்னாள் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் பெயரைச் சூட்டி, 'போஃபல்லா திருப்பம்' என்று மக்கள் அன்போடு அழைக்கிறார்கள். நடுவழியில் இறக்கிவிடப்பட்டவர்கள் நின்ற இடத்திலேயே ஒரு புள்ளிவிவரத்தைக் காப்பாற்றிய தியாகிகள்.

இவ்வளவு பெரிய அரசருக்குப் பகைவர் இல்லாமலா இருப்பார்கள்? முதல் கலகக்காரர் வெல்டிங் என்பவர். 1957இல் அவர் கிளப்பிய விஷமம், பயணியின் சராசரிக் காத்திருப்பு இடைவெளியின் பாதியோடு நின்றுவிடாது, இடைவெளிகள் எவ்வளவு முன்பின்னாக இருக்கின்றனவோ அதற்கேற்பக் கூடும் என்பது. ஒசூனாவும் நியூவெலும் 1972இல் அதன்மேல் கோட்டையே கட்டினார்கள். சராசரி இடைவெளியின் பாதியை எடுத்து, அந்த முன்பின்னை அளக்கும் மாறுபாட்டுக் கெழுவின் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டி, அதனால் பெருக்கச் சொல்லும் சூத்திரம் அவர்களிடம் இருந்தது. நம் மூன்று பஸ் ஊர்வலத்துக்கு அதைப் போட்டால் 5ஐ 3ஆல் பெருக்கச் சொல்லி 15 என்று துல்லியமாகக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஒற்றர் வேலை! லண்டன் அந்தப் பக்கம் சாய்ந்தது. அடிக்கடி ஓடும் தடங்களில் அட்டவணைப்படி காத்திருக்க வேண்டியதற்கு மேல் பயணி எத்தனை நிமிடம் கூடுதலாக நின்றார் என்பதை அளந்து, 2001 முதல் பஸ் நடத்துவோருக்கு அதன்படி ஊக்கத்தொகையும் பிடித்தமும் வைத்தது. 2014இல் சிங்கப்பூரும் அதே வழியில் போயிற்று. பயணிகளின் தலையை எண்ணி நேரந்தவறாமையை அளக்கும் சுவிட்சர்லாந்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். அந்த நாடுகளை இழந்ததில் பேரரசருக்கு வருத்தமில்லை. அவருக்கு விசுவாசமான நிலப்பரப்பு இன்னும் ஏராளம்.

கலகக்காரர்களில் மிக ஆபத்தானவர்கள் பீட்டர் ஃபர்த், தியோ முல்லர் இருவரும். காத்திருப்பு நிறுத்தத்தில் மட்டும் நடப்பதில்லை, ஒரு பகுதி ஒளிந்து கிடக்கிறது என்று 2006இல் எழுதினார்கள். அவர்கள் சொல்வது இது. ஒருவருடைய பயணம் பெரும்பாலான நாட்களில் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிறது. இருபது நாளில் ஒரு நாள் 110 நிமிடம் ஆகிறது. எந்த நாள் அந்த நாள் என்று அவருக்குத் தெரியாது. ஆகவே அவர் எல்லா நாளும் 110 நிமிடம் முன்னதாகவே புறப்படுகிறார். பத்தொன்பது நாட்கள் அலுவலக வாசலிலோ டீக்கடை பெஞ்சிலோ குறைந்தது 50 நிமிடத்தை உட்கார்ந்து தீர்க்கிறார். அந்த நேரம் பஸ்ஸின் கணக்கில் இல்லை, நிறுத்தத்தின் கணக்கில் இல்லை, முதலாளியின் கணக்கிலும் இல்லை. நீட் தேர்வுக்குப் பகல் 1.30 மணிக்கு வாசலை மூடிவிடுவார்கள் என்பதால் விடியும் முன்பே பிள்ளையைக் கிளப்பிக்கொண்டு வந்து, மூடிய பள்ளிக்கூடத்துக்கு எதிரே மரத்தடியில் துண்டு விரித்து உட்கார வைக்கும் தகப்பனின் கணக்கில் மட்டும் இருக்கிறது. நம் பேரரசர் இந்த நேரத்தைத் தொடவே மாட்டார். பிறர் பொருளைத் தொடாத ஒழுக்கம் அது.

அவருடைய அந்தரங்க ஆலோசகரான மணி வடிவ வளைகோட்டுக்கும் ஒரு வணக்கம் சொல்லிவிட வேண்டும். இடமும் வலமும் ஒன்றுபோல் இறங்கும் அந்த அழகைப் பாருங்கள். அரை மணி தாமதமாக வர எவ்வளவு வாய்ப்போ, அரை மணி முன்னதாக வரவும் அவ்வளவே வாய்ப்பு என்கிற அபார நம்பிக்கை! சாலையில் பஸ் இதற்குமேல் விரைந்து வர முடியாது என்று ஓர் எல்லை உண்டு, தாமதத்துக்கோ எல்லையே இல்லை என்று சில மாதிரிகள் வலப்புறம் நீண்ட வாலை வரைந்து காட்டுகின்றன. வால் உள்ள வளைகோடு அரசவைக்கு அழகா? மழைநாள் ஒன்று தரவில் புகுந்து அந்த வாலை நீட்டினால், ஒவ்வாத மதிப்பு என்று சொல்லி அதைத் துடைத்துவிடும் தூய்மை நம் அரசவைக்கு உண்டு. அப்படியே இருக்க விட்டாலும் பாதகமில்லை. பஸ், மின்ரயில், மறுபடி பஸ் என்று மூன்று கட்டம் போகிறவருக்கு ஒவ்வொன்றிலும் திட்ட விலக்கம் 10 நிமிடம் என்றால், மூன்றும் ஒன்றையொன்று அறியாதவை என்று கொண்டு மொத்தம் 17 என்பார் ஆலோசகர். நவம்பர் மழை பெய்யும்போது சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்பதும், சிக்னல் பழுதாவதும், பஸ் நகராததும் ஒரே நாளில் ஒன்றாகத்தான் நடக்கும். அப்போது 17 இல்லை, 30. ஆலோசகரின் வானத்திலோ பஸ்ஸுக்கு ஒரு மழை, ரயிலுக்கு ஒரு மழை, மறு பஸ்ஸுக்கு ஒரு மழை. மும்மாரி என்று இதைத்தான் சொன்னார்களோ?

இரண்டு நிமிடம் தாமதித்த மின்ரயிலிலிருந்து ஓடி இறங்கி, மணிக்கு ஒன்றாகப் போகும் ஊர்ப் பஸ்ஸின் பின்விளக்கைப் பார்த்தவர் ஒருவருக்கு, அரசவை 2 நிமிடம் என்று எழுதி வைத்திருக்கும். இணைப்பு தவறியதால் போன மீதி 58 நிமிடம் இரண்டு துறைகளுக்கு நடுவே கிடக்கிறது. இரண்டும் அதை எடுக்காத நாணயத்தை மெச்சுகிறேன்.

இனி பேரரசரின் கருவூலம். நடத்துநர் கையிலுள்ள டிக்கெட் இயந்திரம், பயணி எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்குச் சீட்டு வாங்கினார் என்பதைச் சொல்லும். அவர் அந்த நிறுத்தத்துக்கு எப்போது வந்து நின்றார் என்பது அதற்குத் தெரியாது. ஆகவே கருவூலத்தில் ஒவ்வொரு பயணமும் பஸ் வந்த பிறகே பிறக்கிறது. வெயிலில் நின்ற நேரம் முற்பிறவி. அதைக் கேட்க வேண்டுமென்றால் ஒருவர் நோட்டும் பேனாவுமாக நிறுத்தத்துக்கு வந்து, நிற்பவர்களோடு நின்று, "எவ்வளவு நேரமா நிக்கிறீங்கம்மா?" என்று விசாரிக்க வேண்டும். அரசர் வெயிலில் இறங்கலாமா?

அவருடைய கொடைகளில் தலையாயது இன்னும் ஒன்று உண்டு. 40 நிமிடம் நின்று பார்த்துவிட்டு, கையிலிருக்கும் சில்லறையை எண்ணி, ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு ஏறிப் போகிறவர்களை அவர் தண்டிப்பதில்லை. தவணையில் ஸ்கூட்டர் வாங்கி நிறுத்தத்தை விட்டே ஒழிந்தவர்களையும் தேடிப் பிடிப்பதில்லை. போகவிடுகிறார். நெடுநேரம் நின்றவர்கள்தான் முதலில் போகிறவர்கள் என்பதால், அவர்கள் போகப் போக எஞ்சியவர்களின் சராசரிக் காத்திருப்பு தானாகவே குறைகிறது. அடுத்த ஆண்டு அறிக்கையில் பயணிகளின் எண்ணிக்கை குறைந்திருக்கும், காத்திருப்பு நேரமும் குறைந்திருக்கும். முதலாவது புள்ளியைக் காட்டி அந்தத் தடத்தில் இரண்டு பஸ்களைக் குறைக்கலாம். இரண்டாவது புள்ளியைக் காட்டி அதற்கு விருதும் வாங்கலாம்.